ஒரு பதிவு எப்படிப் பத்து வருஷச் சிறையாகிறது?

கேள்வி இது: "மனித உரிமைச் செயற்பாட்டாளர் ஒருவர் ட்வீட் போட்டதற்காகப் பத்து வருஷம் சிறை என்று செய்தி வருகிறது. வெறும் பதிவுக்கா அவ்வளவு தண்டனை? பின்னால் வேறு ஏதோ குற்றம் இருக்கும், அதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று தோன்றுகிறது. வன்முறையைத் தூண்டினால் பிடிக்க வேண்டியதுதானே? அப்புறம், வெளியிலிருந்து நாம் பேசுவதால் உள்ளே இருப்பவருக்கு நன்மையா, கெடுதலா?"

முதல் கேள்விக்கு நேர்ப் பதில்: ஆமாம், வெறும் பதிவுக்குத்தான். குற்றச்சாட்டுகளையும் தீர்ப்புகளையும் தேடிப் படித்தால் பல வழக்குகளில் அதற்கு மேல் எதுவும் கிடைப்பதில்லை. ஆனால் பின்னால் ஏதோ இருக்கிறது என்ற உங்கள் சந்தேகம் முழுக்கத் தவறும் இல்லை. அந்த ஏதோ, அவர் அதுவரை செய்துவந்த வேலை. ஒரே விஷயத்தை ஆயிரம் பேர் எழுதுகிற நாட்டில், காவல் நிலையத்தில் ஒருவரை அடித்தால் அவர் வீட்டார் முதலில் யாருக்கு போன் போடுவார்களோ, அந்த ஆளின் பதிவு மட்டும் வழக்காகிறது. பதிவு சாட்சியமாகப் பயன்படுகிறது. தண்டனை அந்த வேலைக்கு.

இதை அஹ்மத் மன்சூரின் கதையை வைத்துப் பார்ப்பதுதான் எளிது. ஐக்கிய அரபு அமீரகத்துக்காரர். பொறியாளர், கவிதையும் எழுதுவார். 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் வேண்டும் என்று கோரிய மனுவில் கையெழுத்திட்டார். அந்த ஏப்ரலில் வேறு நால்வரோடு கைதானார். தலைவர்களை அவமதித்ததாகச் சொல்லி நவம்பரில் மூன்று வருஷம் தண்டனை விதித்தார்கள், மறுநாளே மன்னிப்பு என்று விட்டார்கள். செய்தி அதோடு முடிந்தது, ஆனால் அவர் வாழ்க்கையில் அது முடியவில்லை. கடவுச்சீட்டு திரும்பி வரவில்லை, வேலை போனது, தாக்கப்பட்டார். 2015இல் மனித உரிமைப் பணிக்கான மார்ட்டின் என்னல்ஸ் விருது கிடைத்தபோது அதை வாங்க ஜெனீவாவுக்குப் போக முடியவில்லை.

2016 ஆகஸ்டில் அவருடைய ஐபோனுக்கு இரண்டு குறுஞ்செய்திகள் வந்தன. அமீரகச் சிறைகளில் சித்திரவதைக்கு உள்ளானவர்கள் பற்றிய புதிய ரகசியங்கள் என்று ஒரு இணைப்பு. அவர் எந்த விஷயத்துக்காக உழைத்தாரோ அதையே தூண்டிலில் மாட்டியிருந்தார்கள். அவர் அதைத் தொடவில்லை. டொரான்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப் ஆய்வாளர்களுக்கு அனுப்பிவைத்தார். அது இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ் உளவு மென்பொருள் என்று தெரியவந்தது. ஆப்பிள் நிறுவனம் உலகம் முழுக்க ஐபோன்களுக்கு அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. நம்மில் பலருடைய போன் கொஞ்சம் பாதுகாப்பானதற்கு அந்த மனிதரின் நிதானம் ஒரு காரணம்.

அடுத்த மார்ச்சில், 2017இல், நள்ளிரவுக்குப் பிறகு வீடு புகுந்து அவரைக் கொண்டுபோனார்கள். 2018 மே மாதம் தீர்ப்பு: பத்து வருஷம் சிறை, பத்து லட்சம் திர்ஹம் அபராதம். நாட்டின் "அந்தஸ்தையும் மதிப்பையும்" தலைவர்களையும் அவமதித்தார், சமூக ஊடகத்தில் பொய்த் தகவல் பரப்பினார் என்பது குற்றம். ஒரு ட்வீட்டால் திடீரென்று எரிச்சலடைந்த அரசு இப்படிச் செய்யாது. ஆறு வருஷமாக ஒரு ஆளைச் சுற்றி வளைத்து, மற்ற வழிகள் எல்லாம் பலிக்காமல் போன பிறகு எடுத்த கடைசி ஆயுதம் அது. பத்து வருஷம் முடிய மூன்று வருஷத்துக்கும் குறைவாக இருந்தபோது, 2024 ஜூலையில், எண்பதுக்கு மேற்பட்டோர் மீது நடந்த ஒரு கூட்டு வழக்கில் இன்னும் பதினைந்து வருஷம் சேர்த்தார்கள். துபாயில் 2023 டிசம்பரில் உலகத் தலைவர்கள் காலநிலை மாநாட்டுக்குக் கூடியிருந்த நாட்களில்தான் அந்த வழக்கு விசாரணை தொடங்கியது வெளியே தெரிந்தது.

சரி, இதற்கெல்லாம் சட்டம் எப்படி இடம் கொடுக்கிறது? சட்டத்தில் எழுதியிருப்பதைப் படித்தால் புரியும். திருட்டு, கொலை போன்ற குற்றங்களில் என்ன செய்தால் குற்றம் என்பது ஓரளவு தெளிவாக இருக்கும். இங்கே "மதிப்பைக் குலைத்தல்", "பொது ஒழுங்கைப் பாதித்தல்", "வதந்தி பரப்புதல்" என்று எதையும் உள்ளே தள்ளக்கூடிய வரிகள். பஹ்ரைனின் மனித உரிமைச் செயற்பாட்டாளர் நபீல் ரஜப் 2015இல் இரண்டு விஷயங்களைப் பற்றி ட்வீட் செய்தார், மற்றவர்கள் எழுதியதை மறுபகிர்வும் செய்தார். ஒன்று, ஏமன் மீது சவூதி தலைமையிலான கூட்டணி குண்டு போட்டதில் பொதுமக்கள் இறந்தது. இன்னொன்று, ஜாவ் சிறையில் கைதிகள் சித்திரவதை செய்யப்படுவதாக வந்த புகார்கள். ஏமன் ட்வீட்டுகள் "போர்க் காலத்தில் வதந்தி" ஆயின, "அண்டை நாட்டை அவமதித்தல்" என்றும் ஆயின. சிறை ட்வீட்டுகள் "அரசு அமைப்பை அவமதித்தல்". 2018 பிப்ரவரியில் ஐந்து வருஷம். தொலைக்காட்சிப் பேட்டிகளுக்காக இரண்டு வருஷம் அதற்கு முன்பே கிடைத்திருந்தது. ட்வீட்டுகளில் சொன்னது உண்மையா, குண்டு விழுந்ததா, சிறையில் அடித்தார்களா என்ற கேள்விக்கு அந்தப் பிரிவுகளில் பெரிய வேலை இல்லை.

வியட்நாம் தண்டனைச் சட்டத்தின் 117ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேல். அரசுக்கு எதிரான தகவலைத் தயாரிப்பது, பரப்புவது மட்டுமல்லாமல் வைத்திருப்பதும் அதில் குற்றம். சமூக ஊடகத்தில் "தாய்க் காளான்" என்ற புனைபெயரில் எழுதிய நூயென் நோக் நூ குயினுக்கு, இதற்கு முந்தைய 88ஆம் பிரிவின் கீழ், 2017 ஜூனில் ஒரே நாள் விசாரணையில் பத்து வருஷம் போட்டார்கள். காவல்துறைப் பிடியில் நடந்த மரணங்களை அவர் தொகுத்து வைத்திருந்தார், ஃபார்மோசா என்ற எஃகு ஆலையின் கழிவால் 2016இல் கடலோரமாக மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து ஒதுங்கியதைப் பற்றி முகநூலில் எழுதினார். அடுத்த வருஷம் அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

நல்ல சட்டம் வந்தால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறவர்கள் இலங்கையின் ஒரு வழக்கைப் பார்க்க வேண்டும். குடிமை அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையை நடைமுறைப்படுத்த என்று சொல்லி 2007இல் அங்கே ஒரு சட்டம் இயற்றினார்கள். வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கிற பிரிவு ஒன்று அதில் உண்டு, அதன் கீழ் கைதானால் உயர் நீதிமன்றம்தான் ஜாமீன் தர முடியும். சிறுபான்மையினரைக் காக்க வேண்டிய அந்தப் பிரிவை வைத்து 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவைப் பிடித்தார்கள். முகநூலில் அவர் போட்ட ஒரு சிறுகதை பௌத்த பிக்குகளை அவமதிக்கிறதாம். நான்கு மாதம் உள்ளே இருந்தார். வழக்கே வேண்டாம் என்று விடுவிக்க 2021 ஆகிவிட்டது. மனித உரிமைச் சட்டத்தின் பெயரிலேயே ஒருவரை அடைக்க முடியும் என்றால் சட்டத்தின் தலைப்பைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. யார் புகார் கொடுக்கலாம், ஜாமீன் யார் கையில் என்ற இரண்டையும் பார்ப்பதுதான் பயன்.

"பொய்ச் செய்தி" என்ற குற்றச்சாட்டைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்பதற்கு இதுதான் மிக நியாயமாக இருக்கும். பொய் சொன்னால் தண்டிக்கக்கூடாதா என்ன? எகிப்தின் ஜனநாயகச் செயற்பாட்டாளர் அலா அப்துல் ஃபத்தா 2019 செப்டம்பரில் கைதானார். முந்தைய ஐந்து வருஷத் தண்டனையை முடித்து, தினமும் இரவு பன்னிரண்டு மணி நேரம் காவல் நிலையத்திலேயே கழிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வெளியே வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சிறைக்குள் ஒரு கைதி சித்திரவதையால் இறந்ததாகச் சொன்ன ஒரு முகநூல் பதிவை அவர் பகிர்ந்திருந்தார். அவர் எழுதியதுகூட இல்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் விசாரணை இல்லாமல் வைத்திருந்துவிட்டு, 2021 டிசம்பரில் ஐந்து வருஷம் தண்டித்தார்கள். தண்டித்தது அவசரநிலைக்கால நீதிமன்றம், அங்கே மேல்முறையீடு கிடையாது. இத்தனைக்கும் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்பே அதிபர் அவசரநிலையை நீக்கியிருந்தார். ஏற்கெனவே அனுப்பிய வழக்குகள் மட்டும் அங்கேயே தொடர்ந்தன. அவருக்காக வாதாடப் போன வழக்கறிஞர் முகமது அல் பாகரை அரசு வழக்கறிஞர் அலுவலகத்திலேயே பிடித்து, அதே வழக்கில் நான்கு வருஷம் போட்டார்கள்.

ஒரு சிறையில் ஒருவர் எப்படிச் செத்தார் என்பதை யார் சரிபார்க்க முடியும்? கதவைத் திறந்து காட்ட வேண்டியவர்களே வழக்குப் போடுகிறவர்கள். பொய் என்று நிரூபிக்கும் பொறுப்பை அரசு ஏற்பதில்லை. அரசு சொன்னதற்கு மாறாக இருக்கிறது என்றால் அதுவே பொய்.

வங்கதேசத்தின் அதிகார் என்ற மனித உரிமை அமைப்புக்கு இதன் வேறொரு வடிவம் நேர்ந்தது. 2013 மே மாதம் டாக்காவில் ஒரு பெரிய கூட்டத்தைப் படைகள் கலைத்தபோது 61 பேர் கொல்லப்பட்டதாக அந்த அமைப்பு தன் இணையதளத்தில் அறிக்கை வெளியிட்டது. பெயர்களைக் கொடு என்றது அரசு. குடும்பங்களுக்கு ஆபத்து வரும், பாதுகாப்புக்கு உறுதி வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க மறுத்தார்கள். அமைப்பின் செயலாளர் அதிலுர் ரஹ்மான் கானைக் கைது செய்தார்கள். வழக்கு பத்து வருஷம் இழுத்து, 2023 செப்டம்பரில் இரண்டு வருஷச் சிறை என்று தீர்ப்பானது. மறு வருஷம் ஆகஸ்டில் ஷேக் ஹசீனா ஆட்சி கவிழ்ந்து, முகமது யூனுஸ் தலைமையில் அமைந்த இடைக்கால அரசில் அதே மனிதர் ஆலோசகராகப் பதவியேற்றார். உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. உண்மை, பொய் மாறவில்லை. நாற்காலியில் இருந்தவர்கள் மாறினார்கள்.

ரஷ்யாவில் முறை வேறு. படையை "இழிவுபடுத்தினால்" முதல் தடவை அபராதம், ஒரு வருஷத்துக்குள் மறுபடி செய்தால் கிரிமினல் வழக்கு என்று 2022 மார்ச்சில் சட்டம் வந்தது. மெமோரியல் என்ற மூத்த மனித உரிமை அமைப்பின் தலைவர்களில் ஒருவரான ஒலெக் ஒர்லோவ் உக்ரைன் போரை எதிர்த்துத் தனியாகப் பதாகை பிடித்து நின்றதற்கு முதலில் அபராதம் கட்டினார். பிறகு பிரெஞ்சு ஊடகம் ஒன்றுக்கு எழுதிய கட்டுரையின் ரஷ்ய வடிவத்தை முகநூலில் போட்டார். முதல் விசாரணையில் ஒன்றரை லட்சம் ரூபிள் அபராதத்தோடு விட்டார்கள். அது போதாது என்று அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்து, மறுவிசாரணை நடத்தி, 2024 பிப்ரவரியில் அந்த எழுபது வயதுக்காரருக்கு இரண்டரை வருஷம் வாங்கிக் கொடுத்தது. ஆகஸ்டில் கைதிகள் பரிமாற்றத்தில் வெளியே வந்தார்.

தண்டனைக் காலம் எப்படிக் கணக்காகிறது என்பதும் பலருக்குத் தெரியாது. தாய்லாந்தில் மன்னர் குடும்பத்தை அவமதித்தால் 112ஆம் பிரிவில் மூன்று முதல் பதினைந்து வருஷம். ஒவ்வொரு பதிவும் தனிக் குற்றம். சியாங் ராயைச் சேர்ந்த செயற்பாட்டாளர் மோங்கோன் திராகோட் மீது 27 முகநூல் பதிவுகளை வைத்து வழக்கு. 14 பதிவுகள் குற்றம் என்றது கீழ் நீதிமன்றம்: பதிவுக்கு மூன்று வருஷம் வீதம் 42, ஒத்துழைத்ததற்காக மூன்றில் ஒரு பங்கு கழித்து 28. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜனவரியில் இன்னும் 11 பதிவுகளைச் சேர்த்துக்கொண்டது: 33, கழித்தால் 22. மொத்தம் ஐம்பது வருஷம். மேல்முறையீடு என்றால் தண்டனை குறையும் என்ற நம் நினைப்பு இங்கே செல்லாது.

சவூதியின் சல்மா அல் ஷிஹாபுக்கும் அப்படித்தான். பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவி, இரண்டு பிள்ளைகளின் தாய். விடுமுறைக்கு ஊருக்குப் போனவரை 2021 ஜனவரியில் பிடித்தார்கள். சிறையிலிருந்த பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்களை ட்விட்டரில் பின்தொடர்ந்ததும் அவர்கள் எழுதியதைப் பகிர்ந்ததும் குற்றம். முதலில் ஆறு வருஷம். மேல்முறையீட்டில் 34 வருஷம், அது முடிந்த பிறகு இன்னொரு 34 வருஷம் வெளிநாடு போகத் தடை. உலகம் கூச்சல் போட்டது. 27 ஆனது. பிறகு நான்கு ஆனது. 2025 பிப்ரவரியில் வெளியே வந்தார். ஆறு, முப்பத்துநான்கு, இருபத்தேழு, நான்கு என்று எண்கள் இப்படி ஏறி இறங்கும்போது குற்றத்தின் கனத்துக்கும் தண்டனைக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதுவரை சொன்னவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு வகையில் வெளியே தெரிந்தவர்கள், அல்லது செயற்பாட்டாளர்களோடு தொடர்புடையவர்கள். என் வாதத்துக்கு இடிக்கிற ஒரு வழக்கும் உண்டு. முகமது அல் காம்தி, சவூதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர். எக்ஸ் தளத்தில் இரண்டு கணக்குகள், இரண்டிலும் சேர்த்துப் பத்துப் பேர்தான் பின்தொடர்ந்தார்கள். 2023 ஜூலையில் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். செப்டம்பரில் ஃபாக்ஸ் நியூஸ் பேட்டியில் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மானிடம் இதைக் கேட்டபோது, வெட்கப்படுவதாகச் சொன்னார், சட்டங்கள் மோசமாக இருக்கின்றன என்று பழியை அவற்றின் மீது போட்டார். தண்டனை பிறகு முப்பது வருஷமானது. பத்துப் பேர் பார்க்கிற கணக்கால் எந்த அரசுக்கு என்ன ஆபத்து? அவருடைய அண்ணன் சயீத் பிரிட்டனில் இருந்து சவூதி அரசை விமர்சிக்கிறவர், தம்பியை வைத்துத் தன்னைப் பழிவாங்குகிறார்கள் என்கிறார். அதோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். தெரிந்தவரைப் பிடித்தால் அவர் வாய் அடைபடும். தெரியாதவரைப் பிடித்தால், "என்னை யார் கவனிக்கப்போகிறார்கள்" என்று நினைத்திருந்த எல்லோருக்கும் பயம் வரும். இரண்டுக்கும் அரசுக்குப் பயன் வேறு வேறு.

புனைபெயரில் எழுதினால் தப்பலாமே என்று கேட்பீர்கள். அந்த நம்பிக்கை உடைந்ததும் இதே நாட்டில்தான். ட்விட்டர் நிறுவனத்திலேயே வேலை பார்த்த இருவர் 2014, 2015 வாக்கில் பயனர்களின் தகவல்களைச் சவூதித் தரப்புக்கு எடுத்துக் கொடுத்ததாக அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. ஒருவர் ஆயிரக்கணக்கான கணக்குகளைத் துழாவியதாகக் குற்றச்சாட்டு, அவர் சவூதிக்குத் தப்பிப் போய்விட்டார். இன்னொருவர் 2022இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி மூன்றரை வருஷம் பெற்றார். செம்பிறைச் சங்க ஊழியர் அப்துல்ரஹ்மான் அல் சத்ஹான் ஒரு புனைபெயர்க் கணக்கில் அரசைக் கிண்டல் செய்துவந்தார். 2018இல் அலுவலகத்திலிருந்தே கொண்டுபோனார்கள், 2021இல் இருபது வருஷம் போட்டார்கள். அந்தக் கசிவில்தான் அவர் பெயர் போனது என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு.

இப்போது இரண்டாவது கேள்வி. வன்முறையைத் தூண்டினால் பிடிக்க வேண்டியதுதான். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மியான்மரில் ரோஹிங்கியாக்களுக்கு எதிரான வெறுப்பு முகநூல் வழியாகப் பரவியதை ஐநாவின் உண்மை கண்டறியும் குழு 2018இல் பதிவு செய்தது. ராணுவத் தளபதி மின் ஆங் லைங்கின் கணக்கையே அந்த ஆகஸ்டில் முகநூல் நிறுவனம் நீக்கியது. அந்த நாட்டில் முகநூல் பதிவுக்காகச் சிறைக்குப் போனவர் யார் தெரியுமா? மனித உரிமைத் திரைப்பட விழாவை நிறுவிய இயக்குநர் மின் டின் கோ கோ ஜீ. ராணுவத்தின் அரசியல் அதிகாரத்தை விமர்சித்து எழுதியதற்காக 2019இல் ஒரு வருஷக் கடுங்காவல், ஈரல் புற்றுநோய் இருந்தும். தூண்டுதலைத் தடுக்கிற சட்டம் தூண்டுகிறவர்கள் கையிலேயே இருந்தால் இதுதான் நடக்கும்.

கோடு எங்கே என்பது ஒன்றும் புரியாத புதிர் இல்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை ரத்து செய்த ஷ்ரேயா சிங்கால் தீர்ப்பில் இதை அழகாகப் பிரித்தது. ஒரு விஷயத்தை விவாதிப்பது, ஒரு நிலைப்பாட்டை வலியுறுத்துவது, செயலில் இறங்கத் தூண்டுவது ஆகிய மூன்றில் கடைசியை எட்டினால்தான் தடை நியாயம். அந்தத் தீர்ப்புக்குப் பின்னணியாக இருந்த சம்பவம் 2012இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில் நடந்தது. பால் தாக்கரே மறைவையொட்டி மும்பை முடங்கியதை ஒரு இளம்பெண் முகநூலில் கேள்வி கேட்டார், அவர் தோழி லைக் போட்டார், இருவரையும் கைது செய்தார்கள்.

ஐநா மனித உரிமை அலுவலகத்தின் முயற்சியில் 2012இல் உருவான ரபாத் செயல்திட்டம் இன்னும் நுணுக்கமாகப் போகிறது. வெறுப்பைத் தூண்டும் பேச்சைக் குற்றமாக்கும் முன் பேச்சின் சூழல், பேசியவரின் செல்வாக்கு, நோக்கம், உள்ளடக்கம், எவ்வளவு பேரை எட்டியது, தீங்கு நேரும் வாய்ப்பு ஆகிய ஆறையும் எடைபோடச் சொல்கிறது. அல் காம்தியின் பத்துப் பேரை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். இன்னொரு வழக்கையும் வைக்கலாம். மணிப்பூரின் செயற்பாட்டாளர் எரேந்திரோ லைச்சோம்பம் 2021 மே மாதம், மாநில பாஜக தலைவர் கொரோனாவில் இறந்த பிறகு, சாணமும் கோமியமும் நோயைக் குணப்படுத்தாது என்று முகநூலில் எழுதினார். நேரம் பொருத்தமில்லை, நாகரிகமில்லை என்று சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் ஜாமீன் கிடைத்த கையோடு தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் அடைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து உச்ச நீதிமன்றம், அன்று மாலைக்குள் விடுவிக்க வேண்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது.

சட்டத்தை ரத்து செய்தால் தீர்ந்ததா என்றால், இல்லை. 66ஏ செத்த பிறகும் காவல் நிலையங்களில் அதன் கீழ் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. 2021இல் உச்ச நீதிமன்றம் அதிர்ச்சி தெரிவித்து, 2022 அக்டோபரில் எல்லா மாநிலங்களுக்கும் மறுபடி உத்தரவு போட்டது. வங்கதேசத்தில் பெயர் மாற்றம் நடந்தது. 2006ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புத் தொழில்நுட்பச் சட்டத்தின் 57ஆம் பிரிவை 2013இல் குறைந்தது ஏழு வருஷம், அதிகம் பதினான்கு என்று கடுமையாக்கினார்கள். எதிர்ப்பு வலுத்ததும் அதை எடுத்துவிட்டு 2018இல் டிஜிட்டல் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள், அதே விஷயங்கள் பல பிரிவுகளாகப் பிரிந்து உள்ளே இருந்தன. 2023இல் அது சைபர் பாதுகாப்புச் சட்டமானது. நடுவில் எழுத்தாளர் முஷ்தாக் அகமது கொரோனாவை அரசு கையாண்ட விதத்தை விமர்சித்ததற்காக 2020 மே மாதம் கைதானார். ஆறு முறை ஜாமீன் மறுத்தார்கள். ஒன்பது மாதம் கழித்து, 2021 பிப்ரவரியில், காஷிம்பூர் சிறையில் இறந்துபோனார். அவர் மீதான குற்றம் கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை.

அதனால்தான் இப்படிப்பட்ட செய்திகளில் தண்டனை எத்தனை வருஷம் என்பதைவிட, ரிமாண்டில் எவ்வளவு நாள், ஜாமீன் எத்தனை முறை மறுக்கப்பட்டது என்பதை நான் முதலில் தேடுகிறேன். பாதி வழக்குகளில் தண்டனை அங்கேயே முடிந்துவிடுகிறது. தீர்ப்பு மென்மையாக இருந்தாலும் ஏமாற வேண்டாம். சீனாவின் மனித உரிமை வழக்கறிஞர் பு ஷிச்சியாங் மீது வெய்போ என்ற சீனச் சமூக ஊடகத்தில் போட்ட ஏழு பதிவுகளுக்காக நடந்த வழக்கில் 2015 டிசம்பரில் மூன்று வருஷம் தண்டித்து, அதை நிறுத்திவைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நீதிமன்றம் இரக்கம் காட்டியதாகப் படும். ஆனால் பத்தொன்பது மாதம் அவர் ஏற்கெனவே உள்ளே இருந்துவிட்டார். தண்டனை பெற்றவர் அங்கே வழக்கறிஞராக இருக்க முடியாது என்பதால் தொழிலும் போனது. அவரை வழக்காட விடாமல் செய்வதுதான் நோக்கம் என்றால், அது ஒரு நாள்கூட சிறை வைக்காமலேயே நிறைவேறியிருக்கும்.

சர்வதேசச் சட்டம் என்ன செய்கிறது என்று கேட்டால், எழுத்தில் நிறையச் செய்கிறது. குடிமை அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆம் விதி கருத்துரிமைக்கு எல்லை வைக்கலாம் என்கிறது, ஆனால் அந்த எல்லை சட்டத்தில் தெளிவாக இருக்க வேண்டும், உண்மையிலேயே தேவையாகவும் இருக்க வேண்டும். அவதூறுக்குச் சிறை என்பது ஒருபோதும் பொருத்தமான தண்டனை ஆகாது என்று ஐநா மனித உரிமைக் குழு 2011இல் விளக்கம் சொன்னது. பஹ்ரைன், எகிப்து, வியட்நாம், தாய்லாந்து, வங்கதேசம், இந்தியா எல்லாம் இந்த உடன்படிக்கையை ஏற்ற நாடுகள். அமீரகமும் சவூதியும் ஏற்காதவை. மேலே சொன்ன கதைகளை மறுபடி படித்தால் இரண்டு வரிசைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

கடைசிக் கேள்வி, வெளியிலிருந்து பேசுவது பயன்படுமா. ஒரே பதில் கிடையாது. சல்மா விஷயத்தில் பயன்பட்டது என்றுதான் நினைக்கிறேன். நபீல் ரஜப் 2020 ஜூனில் மீதித் தண்டனையை வெளியே கழிக்க அனுமதி பெற்று வந்தார். அலாவின் தண்டனை ஐந்து வருஷமும் முடிந்த பிறகு, விசாரணைக்கு முன் உள்ளே இருந்த காலத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று எகிப்து அரசு மறுத்தது. அவருடைய அம்மா லைலா சூயிஃப், கணிதப் பேராசிரியர், மாதக்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார், அலா பிரிட்டன் குடியுரிமையும் பெற்றவர் என்பதால் பிரிட்டன் அரசுக்கு அது தலைவலியானது, 2025 செப்டம்பரில் அதிபர் மன்னிப்பில் அலா விடுதலையானார். மன்சூருக்காக இவர்கள் யாருக்கும் குறையாமல் உலகம் பேசியது. அவருக்குக் கிடைத்தது கூடுதலாகப் பதினைந்து வருஷம். என் கணிப்பு: அந்த அரசுக்கு வெளியே யாரிடமாவது காரியம் ஆக வேண்டியிருக்கும்போது சத்தம் பலிக்கிறது. எல்லோருக்கும் அந்த அரசிடம் காரியம் ஆக வேண்டியிருந்தால் பலிப்பதில்லை.

நீங்கள் ஏதாவது எழுத நினைத்தால் முதலில் குடும்பமோ வழக்கறிஞரோ வெளிப்படையாகப் பேசுகிறார்களா என்று பாருங்கள். அவர்கள் அமைதியாக இருந்தால் அதற்குக் காரணம் இருக்கும், உள்ளே பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கலாம். அவர்கள் பேசினால் அவர்கள் சொன்னதையே பகிருங்கள், சொந்தமாக மசாலா சேர்க்காதீர்கள். அந்த நாட்டுக்குள் இருக்கிற நண்பர்களை டேக் செய்யவே செய்யாதீர்கள். நீங்கள் வெளியே இருந்து போடும் ஒரு பதிவுக்கு அவர்கள் போடும் லைக், சல்மா வழக்கைப் பார்த்தீர்கள் அல்லவா, குற்றப்பத்திரிகையில் ஒரு வரியாகிவிடும். பழைய பதிவை மறுபடி பகிரும் முன் கைதானவர் இன்னும் உள்ளே இருக்கிறாரா என்று ஒரு முறை தேடிப் பாருங்கள். விடுதலையாகி, பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு வீட்டில் இருக்கிறவரின் பெயரை ஐந்து வருஷப் பழைய படத்தோடு சுற்ற விடுவதால் அவருக்குத்தான் மறுபடி அழைப்பு வரும்.